இரண்டாம் நாயனமும் ஹெட்லைனரும்



போன வாரம் ஹாஸ்டலில் ஒரு சண்டை. அடிதடி எல்லாம் இல்லை, வாய்ச் சண்டைதான். பக்கத்து அறை நண்பன் கல்லூரி ராக் பேண்டில் கிடார் வாசிக்கிறவன். வேறொரு கல்லூரி விழாவில் வாசிக்க அவர்களுக்கு அழைப்பு வந்திருக்கிறது. ஆனால் சென்னையிலிருந்து வரும் பெரிய பேண்டுக்கு முன்னால் இருபது நிமிடம் மட்டும். போஸ்டரில் பெரிய பேண்டின் பெயர் முழ நீளத்துக்கு. இவர்கள் பெயர் அடியில், விளம்பரம் கொடுத்த கடைகளின் பெயருக்கும் கீழே. "எப்பம்ல நாங்க ஹெட்லைன் பண்ணப் போறோம்?" என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு புலம்பினான்.

"முன்னாடி வாசிச்சா என்ன, பின்னாடி வாசிச்சா என்ன, பாட்டு ஒண்ணுதானல?" என்று கேட்டுத் தொலைத்தேன். அவ்வளவுதான். அரை மணி நேரம் வகுப்பு எடுத்துவிட்டான். கடைசியில், "பத்தமடைல பாய் முடையத் தவிர ஒங்களுக்கு என்னல தெரியும்?" என்று முடித்தான்.

பாய் முடைவது லேசான வேலை என்று நினைக்கிறவனுக்குத் தனியாக ஒரு கட்டுரையே எழுத வேண்டும். அதை அப்புறம் பார்க்கலாம். ஆனால் அவன் கேட்ட மற்றக் கேள்வி மனசில் தங்கிவிட்டது. கூட வாசிக்கிறவன் எப்போது தலைமை ஏற்கிறான்? முதன்முதலாகத் தன் பெயரில் ஊர் ஊராகப் போகும்போது என்ன நடக்கிறது? இதற்கு உலகம் முழுக்கத் தெரிந்த கதை ஒன்று இருக்கிறது. எங்கள் பக்கத்து ஊர்க் கதை ஒன்றும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்ப்போம்.

முதலில் உலகம் அறிந்த கதை. பீட்டில்ஸ்.

1963-ஆம் வருடம் பீட்டில்ஸ் இங்கிலாந்தையே ஆட்டிப் படைத்தது என்று எல்லோருக்கும் தெரியும். அந்த வருடம் எப்படித் தொடங்கியது என்பது அவ்வளவாகத் தெரியாது. அதற்கு முன்னால் 1960 மே மாதம் அவர்கள் ஸ்காட்லாந்தில் ஒரு சுற்றுப்பயணம் போனார்கள். ஜானி ஜென்டில் என்ற பாடகருக்குப் பின்னால் நின்று வாசிக்கிற வேலை. 1961-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் டோனி ஷெரிடன் என்ற பாடகருக்குப் பின்னணியாக இசைத்தட்டில் வாசித்தார்கள். அந்தத் தட்டில் அவர்கள் பெயரைக்கூடச் சரியாகப் போடவில்லை. 'டோனி ஷெரிடனும் பீட் பிரதர்ஸும்' என்று அச்சடித்து வெளியிட்டார்கள்.

அந்தக் காலத்து இங்கிலாந்துச் சுற்றுப்பயணம் நம்மூர் நட்சத்திரக் கலைவிழா மாதிரி. ஒரே பஸ்ஸில் ஏழெட்டுக் குழுக்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு போவார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் கொஞ்ச நேரம். கடைசியில் மேடை ஏறுகிறவர்தான் ஹெட்லைனர். அவர் பெயருக்காகத்தான் டிக்கெட் விற்கும்.

1963 பிப்ரவரி 2-ஆம் தேதி பிராட்ஃபோர்டு நகரில் தொடங்கிய சுற்றுப்பயணத்தில் ஹெட்லைனர் ஹெலன் ஷாபிரோ. வயது பதினாறு! பீட்டில்ஸ் பெயர் பட்டியலில் எங்கோ கீழே. அந்தப் பயணத்துக்கு நடுவில் கிடைத்த ஒரே ஒரு நாளில், பிப்ரவரி 11 அன்று, லண்டனுக்குப் போய்த் தங்கள் முதல் ஆல்பத்தின் பத்துப் பாடல்களைப் பதிவு செய்துவிட்டுத் திரும்பினார்கள். ஒரே நாளில் அது எப்படி முடிந்தது? அவை பெரும்பாலும் மேடையில் ஏற்கெனவே வாசித்து வாசித்துக் கைக்கு வந்துவிட்ட பாட்டுகள். மற்றவர் நிழலில் வாசித்த நாட்கள் வீண் போகவில்லை.

மார்ச் 9-இல் அடுத்த பயணம். இந்தத் தடவை ஹெட்லைனர்கள் டாமி ரோ, கிறிஸ் மான்டெஸ் என்று இரண்டு அமெரிக்கப் பாடகர்கள். போஸ்டரில் அவர்கள் பெயர்தான் மேலே. ஆனால் பயணம் தொடங்கிய கையோடு வரிசை மாறிவிட்டது. கூட்டம் பீட்டில்ஸுக்காகக் கத்திக்கொண்டே இருந்தால் அடுத்து வருகிறவர் எப்படிப் பாட முடியும்? நடத்துகிறவர்கள் வேறு வழியில்லாமல் பீட்டில்ஸைக் கடைசிக்கு மாற்றினார்கள். மே 18-இல் மூன்றாவது பயணம், ராய் ஆர்பிசனோடு. ஆர்பிசன் அப்போது பெரிய பெயர். அங்கேயும் கடைசியாக மேடை ஏறியது பீட்டில்ஸ்தான். ஆனால் ஆர்பிசன் லேசுப்பட்ட ஆள் இல்லை. ஆடாமல் அசையாமல் நின்றபடி பாடியே கூட்டத்தைக் கட்டிப்போடுவார். அவருக்கு அடுத்து மேடை ஏறுவது பீட்டில்ஸுக்கே வயிற்றைக் கலக்கிய விஷயம்.

பிறகு நவம்பர் 1-ஆம் தேதி செல்டன்ஹாம் நகரில் தொடங்கி டிசம்பர் 13 வரை ஓடிய பயணம். இதில்தான் முதல் நாளிலிருந்தே, சந்தேகத்துக்கு இடமில்லாமல், போஸ்டரிலும் மேடையிலும் அவர்கள் தலைமை. பிப்ரவரியில் பட்டியலின் அடியில் இருந்தவர்கள் நவம்பரில் உச்சியில். ஒன்பதே மாதம்.

இதில் நான் கவனித்தது ஒன்று. அவர்களை ஹெட்லைனர் ஆக்கியது போஸ்டர் இல்லை. போஸ்டர் வேறு பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தபோதே மக்கள் வரிசையை மாற்றிவிட்டார்கள். போஸ்டர் பின்னால் வந்து ஒப்புக்கொண்டது, அவ்வளவுதான்.

சரி, இப்போது நம்ம ஊர்ப் பக்கம் வருவோம்.

'தில்லானா மோகனாம்பாள்' படம் பார்க்காதவர்கள் குறைவு. 1968-இல் வந்தது. சிக்கல் சண்முகசுந்தரமாக சிவாஜி. பக்கத்தில் இரண்டாவது நாதஸ்வரம் வாசிப்பவராக ஏ.வி.எம். ராஜன். தவிலுக்கு டி.எஸ். பாலையா. (உண்மையில் அந்த நாதஸ்வரத்தை வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள்.) அதில் செட்டோடு ரயிலில் போகிற காட்சி ஞாபகம் இருக்கிறதா? இருக்கையில் இருந்தபடி சிவாஜி யாரைப் பார்க்கிறார் என்றுதான் நாம் எல்லோரும் கவனிப்போம். இன்னொரு தடவை பார்க்கும்போது மற்றவர்களைக் கவனித்துப் பாருங்கள். வாத்தியங்கள், பெட்டிகள், கூட வரும் ஆட்கள், அடுத்த ஊர்க் கச்சேரி பற்றிய கவலை. ஒரு பேண்ட் டூர் போவது வேறெப்படி இருக்கும்?

ஒரு நாதஸ்வர செட் என்றால் பொதுவாக இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், தாளம், சுருதிக்கு ஒத்து. எங்கள் பக்கம் நாதஸ்வரத்தை நாயனம் என்றுதான் சொல்வார்கள். ஒத்து என்பது பார்க்க நாயனம் மாதிரியே இருக்கும். ஆனால் ஒரே ஒரு சுரம்தான். மூச்சு அறாமல் அதை ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். மூக்கால் இழுத்துக் கன்னத்தில் சேர்த்து வைத்து விடுகிற வித்தை. செட்டில் சேரும் சின்னப் பையன்களுக்குப் பெரும்பாலும் இந்த வேலைதான். மணிக்கணக்காக ஒரே சுரம். போஸ்டரின் கடைசி வரி என்றால் இதுதான் :-)

அதற்கு மேல் இரண்டாம் நாயனம். கீர்த்தனையில் முதல் நாயனத்தோடு சேர்ந்து வாசிக்க வேண்டும். ராக ஆலாபனையில் அவர் மூச்சு விடும் இடத்தில் இவர் பிடித்துக்கொள்ள வேண்டும். அவர் போன வழியிலேயே கொஞ்ச தூரம் போய், அவர் மறுபடி தொடங்கும்போது வழி விட வேண்டும். அவரை விடக் குறைவாக வாசித்தால் செட்டுக்குக் கேவலம். கூட வாசித்தால் இவருக்கு வேலை போய்விடும். யோசித்துப் பாருங்கள், எவ்வளவு சிக்கலான வேலை!

இப்போது ஊர். பத்தமடையிலிருந்து அம்பாசமுத்திரம் பஸ்ஸில் ஏறினால் முதலில் சேரன்மகாதேவி, அதைத் தாண்டினால் காருகுறிச்சி. தாமிரபரணியின் கன்னடியன் கால்வாய்த் தண்ணீர் பாயும் பூமி. திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டை போகும் ரயில் பாதையில் ஒரு சின்ன ஸ்டேஷன். இந்த ஊர்ப் பெயர்தான் ஒரு காலத்தில் தமிழ்நாடு முழுக்க ஒரு மனிதரின் பெயராக இருந்தது. காருகுறிச்சி அருணாசலம். பிறந்தது 1921.

இவரைப் பற்றிச் சொல்லும் முன் இவருடைய குருவைச் சொல்ல வேண்டும். திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை. 1898-இல் பிறந்தவர். 'நாதஸ்வரச் சக்கரவர்த்தி' என்று பட்டம். தோடி ராகம் என்றாலே ராஜரத்தினம் என்று ஊர் பேசிய காலம் அது. 1940-இல் வந்த 'கவி காளமேகம்' படத்தில் காளமேகப் புலவராக நடித்துமிருக்கிறார். 1947 ஆகஸ்டில் சுதந்திரம் கிடைத்தபோது டெல்லியில் மங்கல இசை வாசித்தவரும் அவர்தான்.

ராஜரத்தினம் செய்த வேலையைப் புரிந்துகொள்ள, அவருக்கு முன்னால் நாயனக்காரர்களின் நிலை என்ன என்று பார்க்க வேண்டும். கோயில் திருவிழாவில் சாமி புறப்பாடு. மல்லாரி வாசித்துக்கொண்டு மேளம் முன்னால் நடக்கும். நாலு வீதியும் சுற்றி, சந்திக்குச் சந்தி நின்று, விடிய விடிய வாசிக்க வேண்டும். கல்யாணம் என்றால் பந்தலின் ஒரு ஓரம். எவ்வளவு பெரிய வித்வானாக இருந்தாலும் சட்டை போடக்கூடாது, துண்டைத் தோளில் போடக்கூடாது, இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும் என்று சொன்ன ஊர்களும் உண்டு. அங்கே ஹெட்லைனர் சாமி. இல்லையென்றால் மாப்பிள்ளை. நாயனக்காரர் இல்லை.

ராஜரத்தினம் இந்த வரிசையைத்தான் மாற்றினார். கிராப் வைத்துக்கொண்டார். சில்க் ஜிப்பா போட்டார். மேடை போட்டு, உட்கார்ந்து, வாய்ப்பாட்டுக் கச்சேரி மாதிரி நாயனக் கச்சேரி செய்தார். ஒத்துக்குப் பதில் சுருதிப் பெட்டி வைத்தார். வாத்தியத்தையே மாற்றினார் என்பதுதான் இதில் பெரிய விஷயம். அதுவரை இருந்தது திமிரி நாயனம். குட்டையானது, சுருதி அதிகம். திறந்த வெளியில் ஊர்வலத்துக்கு அதுதான் எடுபடும். தெரு முனையில் வாசித்தால் ஊர்க் கோடியில் கேட்கும். நரசிங்கம்பேட்டையில் நாயனம் செய்யும் ரங்கநாதன் ஆசாரியோடு சேர்ந்து, நீளம் கூடிய, சுருதி இறங்கிய பாரி நாயனத்தை அவர் கொண்டுவந்தார். சத்தத்தின் கூர்மை குறைந்து கனமும் குழைவும் வந்தது. மைக் வந்துவிட்ட காலம் என்பதால் தூரத்துக்குக் கேட்க வேண்டும் என்ற கவலையும் இல்லை. கூடவே நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை மாதிரி ஒரு தவில்காரர் பக்கத்தில் இருந்தால் கேட்க வேண்டுமா? தவிலுக்காகவே தனிக் கூட்டம் வந்தது.

ஆக, நாயனக்காரர் தன் பெயருக்காக ஜனங்களை வரவைக்க முடியும் என்று காட்டியவர் ராஜரத்தினம். அவருக்கு இரண்டாம் நாயனம் வாசித்தவர் காருகுறிச்சி அருணாசலம்.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. நாதஸ்வரம் என்றால் தஞ்சாவூர் ஜில்லா என்பதுதான் அன்றைய கணக்கு. திருவாவடுதுறை, திருவிடைமருதூர், திருவெண்காடு, செம்பனார்கோவில் என்று வித்வான்களின் ஊர்ப் பெயர்களை அடுக்கினால் எல்லாம் காவிரிக் கரை. தாமிரபரணிக் கரையிலும் இசை உண்டு. ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் (1877-1945) எங்கள் பக்கத்துக்காரர்தான். ஆனால் நாயனத்துக்கு நெல்லைப் பக்கம் அவ்வளவு பெரிய பெயர் இல்லை. பெரிய கல்யாணம், பெரிய திருவிழா என்றால் தஞ்சாவூர் செட்டைத்தான் கூப்பிடுவார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு அன்றாட கோயில் பூஜை, சின்னக் கல்யாணம். இந்தச் சூழலில் காருகுறிச்சியிலிருந்து ஒரு பையன் போய் ராஜரத்தினத்தின் பக்கத்தில் உட்கார்ந்தான் என்பதே சேதிதான்.

குருவின் பக்கத்தில் வருடக்கணக்கில் வாசித்தார். அந்த நாட்களில் குருகுலம் என்றால் பாட்டு மட்டும் கற்றுக்கொள்வது இல்லை. சீவாளி தயார் செய்வது, நாயனத்தைத் துடைத்து வைப்பது, ரயில் ஏறுவது, பந்தலில் யாரிடம் எப்படிப் பேசுவது, எந்த ஊரில் எந்த ராகத்துக்குத் தலையாட்டுவார்கள் என்பது வரை எல்லாம் பாடம். (சீவாளி என்பது வாயில் வைத்து ஊதுகிற நாணல் துண்டு. அது சரியில்லை என்றால் சக்கரவர்த்தியானாலும் கச்சேரி கந்தல்.) பீட்டில்ஸுக்கு ஹாம்பர்க் இரவுகள் என்ன செய்தனவோ, அதை அருணாசலத்துக்கு இந்த வருடங்கள் செய்தன.

பிறகு தனி செட்.

இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். இரண்டாம் இடத்தில் இருக்கும்போது கவலைகள் குறைவு. அச்சாரம் வாங்குவது, தேதி ஒப்புக்கொள்வது, தவில்காரர்களைச் சேர்ப்பது எல்லாம் பெரியவர் பாடு. கச்சேரி சரியாக அமையாவிட்டாலும் ஊர் அவரைத்தான் பேசும். தனி செட் என்றதும் இது அத்தனையும் ஒரே நாளில் தலையில் ஏறுகிறது. தை, மாசி, பங்குனி, வைகாசி, ஆனி என்று கல்யாண மாதங்களில் ஓயாத ஓட்டம். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. அந்த மாதங்களுக்கும் செட்டில் உள்ளவர்களின் வீட்டில் உலை கொதிக்க வேண்டும். நல்ல தவில்காரர் வேண்டும் என்றால் நல்ல பணம் தர வேண்டும். தராவிட்டால் அவர் அடுத்த செட்டுக்குப் போய்விடுவார். இதையெல்லாம் மனசில் போட்டுக்கொண்டு, அன்று இரவு ஜனங்கள் முன்னால் உட்கார்ந்து கவலையே இல்லாதவர் மாதிரி ஆலாபனை செய்ய வேண்டும்.

அருணாசலம் கோவில்பட்டியில் குடியேறினார். ஏன் சொந்த ஊரிலேயே இருக்கவில்லை என்று எனக்கு ஒரு கேள்வி இருந்தது. மேப்பை எடுத்துப் பார்த்தால் என் கணிப்பில் விடை கிடைத்துவிடுகிறது. கோவில்பட்டி மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் நடுவே மெயின் லைனில் இருக்கிறது. வடக்கே மதுரை, அதைத் தாண்டி செட்டிநாடு. தெற்கே நெல்லை, திருச்செந்தூர். மேற்கே சங்கரன்கோவில். எந்தப் பக்கம் அச்சாரம் வந்தாலும் ரயில் ஏறிவிடலாம். கரிசல் பருத்தி, மில், தீப்பெட்டித் தொழில் என்று பணம் புழங்கிய ஊர் வேறு. சங்கீதம் கேட்கத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். பக்கத்து இடைசெவல்காரர்களான எழுத்தாளர்கள் கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் சங்கீதப் பைத்தியங்கள் என்பது அவர்களை வாசித்தவர்களுக்குத் தெரியும். டூர் போகிற பேண்டுக்கு எந்த ஊரில் இருப்பது வசதி என்பதும் ஒரு கலைதான்!

ஆனால் பணத்தையும் ரயிலையும் விடப் பெரிய சிக்கல் வேறு. குரு ராஜரத்தினம் என்றால், சிஷ்யன் வாசிக்கிற ஒவ்வொரு தோடியையும் ஊர் எதோடு ஒப்பிடும்? அச்சு அசல் குரு மாதிரி இருந்தால் "நகல்" என்பார்கள். மாற்றி வாசித்தால் "பாடத்தை விட்டுட்டான்" என்பார்கள். இரண்டாம் நாயனமாக இருந்தவரை குரு மாதிரி வாசிப்பதுதான் வேலை. நடுவில் உட்கார்ந்ததும் அதே குணம் குறையாகிவிடுகிறது. பீட்டில்ஸுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவர்கள் யாருடைய நிழலில் வாசித்தார்களோ அவர்கள் மாதிரி வாசிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஹெலன் ஷாபிரோவின் பாட்டை யாரும் அவர்களிடம் கேட்கப் போவதில்லை. ஆனால் ராஜரத்தினத்தின் சிஷ்யனிடம் தோடியைக் கேட்காமல் விடுவார்களா?

அருணாசலத்தின் பழைய பதிவுகள் இப்போது இணையத்தில் நிறையக் கிடைக்கின்றன. எனக்குச் சங்கீத ஞானம் பெரிதாகக் கிடையாது. ஆனாலும் இரண்டு பேரையும் மாற்றி மாற்றிக் கேட்டுப் பார்த்தேன். ராஜரத்தினம் வாசிக்கும்போது எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது. வெள்ளம் வருகிற மாதிரி இருக்கிறது. காருகுறிச்சியார் வாசிக்கும்போது பயம் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி ஒரு இனிமை. அந்த வெள்ளத்தைக் கால்வாய் வெட்டி வயலுக்குக் கொண்டுவந்த மாதிரி. இது என் காதுக்குப் பட்டது. விவரம் தெரிந்தவர்கள் வேறு மாதிரி சொல்லலாம்.

1956 டிசம்பர் 12-இல் ராஜரத்தினம் காலமானார். அதற்குள் காருகுறிச்சி தனிப் பெயர் வாங்கிவிட்டார். குரு போனதும் "அடுத்து யார்?" என்று ஊர் கேட்டபோது எல்லோரும் திரும்பிப் பார்த்த முகங்களில் முதன்மையான ஒன்று இவருடையது. தஞ்சாவூர் பாட்டைத் தாமிரபரணிக்காரர் வாங்கிக்கொண்டார். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை, பெண் பெயருக்கு அப்புறம் "காருகுறிச்சி அருணாசலம் நாதஸ்வரம்" என்று ஒரு வரி இருந்தால் அந்தக் கல்யாணத்துக்கே அந்தஸ்து. சொந்தக்காரர்கள் சாப்பாட்டுக்கு வந்தால், ஊர்க்காரர்கள் நாயனத்துக்கு வந்தார்கள். எங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் இன்றும் "காருகுறிச்சி மேளம்" என்றதும் குரல் மாறுவதைக் கேட்கலாம்.

1962-இல் வந்தது 'கொஞ்சும் சலங்கை'. எஸ்.எம். சுப்பையா நாயுடு இசை. அதில் 'சிங்கார வேலனே' பாட்டு. ஆபேரி ராகம். எஸ். ஜானகி பாட, நாயனம் காருகுறிச்சி அருணாசலம். குரலும் நாயனமும் ஒன்றை ஒன்று துரத்தும். நாயனம் போன இடத்துக்கெல்லாம் குரல் போகும். ஜானகிக்குப் பெரும் பெயர் வாங்கிக் கொடுத்த பாட்டு. இந்தக் கட்டுரை படிப்பவர்களில் காருகுறிச்சியாரைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அந்தப் பாட்டைக் கேட்காதவர்கள் இருக்க மாட்டார்கள்.

இப்போது இதைக் கவனியுங்கள். படத்தில் நாயனம் வாசிப்பவராகத் தெரிவது ஜெமினி கணேசன். பாட்டைச் சொல்லும்போது எல்லோரும் "ஜானகி பாட்டு" என்கிறார்கள். ஊர் ஊராகத் தன் பெயருக்காகக் கூட்டம் கூட்டிய மனிதர், காலத்தைத் தாண்டி அதிகம் கேட்கப்படுவது, தன் முகமும் தெரியாமல், பெயரும் முன்னால் வராமல், இன்னொருவர் பாட்டில் வாசித்த அந்தச் சில நிமிடங்களில். கிட்டத்தட்ட மறுபடியும் இரண்டாம் நாயனம். 1961-இல் 'பீட் பிரதர்ஸ்' என்று தட்டில் அச்சடித்தார்களே, அது ஞாபகம் வந்தது. அவர்களுக்கு அது தொடக்கத்தில் நடந்தது. இவருக்குக் கடைசியில் நடந்தது.

ஆமாம், கடைசிதான். 1964-இல் காருகுறிச்சி அருணாசலம் காலமானார். குரு மறைந்து எட்டு வருடம்கூட முழுதாக ஆகவில்லை. கோவில்பட்டியில் அவருக்குச் சிலை இருக்கிறது. அதே 1964-இல் பீட்டில்ஸ் அமெரிக்காவுக்குப் போனார்கள். அவர்களும் ஒன்றும் ரொம்ப நாள் ஊர் சுற்றவில்லை. 1966 ஆகஸ்ட் 29, சான் பிரான்சிஸ்கோவில் கடைசி டூர் கச்சேரி. கூட்டத்தின் கத்தலில் தாங்கள் வாசிப்பதே தங்களுக்குக் கேட்கவில்லை என்று நிறுத்திவிட்டார்கள். 1963-இல் எந்தக் கத்தல் அவர்களை ஹெட்லைனர் ஆக்கியதோ, அதே கத்தல்தான் மூன்று வருடத்தில் அவர்களை மேடையிலிருந்து இறக்கியது.

எங்கள் ஊர்ப் பக்கத்துக் கோயில் கொடைகளில் இன்றைக்கு என்ன நடக்கிறது என்று சொல்லி முடித்துக்கொள்கிறேன். காலையில் நாயன செட் வரும். குடி அழைப்பு, தீர்த்தம் எடுக்கப் போவது, தீபாராதனை எல்லாவற்றுக்கும் அவர்கள் வேண்டும். அவர்கள் இல்லாமல் சாமிக்கு எதுவும் நடக்காது. ஆனால் ராத்திரி ஒன்பது மணிக்கு லைட் மியூசிக்காரர்களின் ஸ்பீக்கர் பெட்டிகள் வந்து இறங்கியதும் நாயனக்காரர்கள் ஒதுங்கி ஓரமாக உட்கார்ந்துவிடுவார்கள். வால்போஸ்டரில் இன்னிசைக் குழுவின் பெயர் பெரிதாக, பாடகர்களின் போட்டோக்களோடு. "மேளம்" என்று ஒரு வரி இருக்கும். யார் மேளம் என்று இருக்காது.

போன தடவை கொடையில் ஒன்று பார்த்தேன். லைட் மியூசிக்கில் கீபோர்டுக்காரர் 'சிங்கார வேலனே' வாசித்தார். நாயனச் சத்தத்தைக் கீபோர்டிலேயே கொண்டுவந்தார். நல்ல கைதட்டல். நிஜ நாயனக்காரர் இருபதடி தள்ளித் திண்ணையில், நாயனத்தைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, தொடையில் தாளம் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். வயசு என் வயசுதான் இருக்கும். போய்ப் பேசினேன். "அண்ணே, அதை நீங்க வாசிச்சிருக்கலாம்லா?" என்றேன். "கேட்டா வாசிக்கலாம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "காலைல புறப்பாட்டுல வாசிச்சேன். நீங்க தூங்கிருப்பீங்க" என்று சிரித்தார். உண்மைதான். தூங்கிக்கொண்டிருந்தேன்.

யார் ஹெட்லைனர் என்பதைக் கேட்கிறவர்கள்தான் முடிவு செய்கிறார்கள் என்று மேலே எழுதினேன் இல்லையா? அப்படியென்றால் அன்று காலை அந்த நாயனக்காரரைப் போஸ்டரின் கடைசி வரியில் வைத்ததில் எனக்கும் பங்கு உண்டு.

நண்பனிடம் இந்தக் கதையை எல்லாம் சொன்னேன். முழுக்கக் கேட்டான். "இருவது நிமிஷத்துல என்னத்தல வாசிக்க?" என்றான், ஆனால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. இப்போது ராத்திரி பக்கத்து அறையிலிருந்து பயிற்சிச் சத்தம் வந்துகொண்டே இருக்கிறது. அவன் வாசிக்கிற அன்றைக்கு முதல் ஆளாகப் போய் முன்வரிசையில் உட்காரப் போகிறேன். அடுத்த கொடைக்கு ஊருக்குப் போகும்போது விடிகாலையில் எழுந்துவிட வேண்டும்.